ஜனாதிபதியால் முடியாதவை

ஜே. ஆர். ஜெயவர்தன சொன்னதாக இலங்கையில் ஒரு பேச்சு உண்டு. ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்யத் தன் பதவிக்கு அதிகாரம் இருக்கிறது என்பதுதான் அது. வாசகம் அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. 18ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த டி லோம் என்ற எழுத்தாளர் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தைப் பற்றிச் சொன்னது. ஒரு சபையின் அதிகாரத்தைப் பற்றிய வாசகம் ஒரு தனி மனிதரின் அதிகாரத்தைப் பற்றியதாக இடம் மாறியதுதான் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கதை.

இந்தப் பகிடியை அரசியல் மேடைகளிலும் பாடப்புத்தக விளக்கங்களிலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதில் பெண் வருவது அசாத்தியத்துக்கு ஓர் அளவுகோலாக மட்டுமே. இந்தப் பதவியை நேருக்கு நேர் சந்தித்த பெண்களின் பக்கத்திலிருந்து அதன் வரலாற்றைப் பார்த்தால் வேறொரு கணக்குக் கிடைக்கிறது. எல்லாம் முடியும் என்று சொல்லப்பட்ட பதவி எவற்றை முடியாது என்று மறுத்தது, யாருக்கு மறுத்தது, அதன் எல்லைகளை யார் போய்த் தட்டிப் பார்த்தார்கள் என்ற கணக்கு அது.

முதலில் பதவியின் கட்டமைப்பு. 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பில் ஜனாதிபதி சம்பிரதாயத் தலைவர் மட்டுமே; ஆட்சி பிரதமர் கையில் இருந்தது. 1977 தேர்தலில் 168 ஆசனங்களில் 140ஐ வென்ற ஐக்கிய தேசியக் கட்சி அந்த அரசியலமைப்பைத் திருத்தியது. பிரதமராக இருந்த ஜெயவர்தன 1978 பெப்ரவரி 4 அன்று, மக்கள் வாக்கு ஒன்றுகூட இல்லாமல், நிறைவேற்று அதிகார ஜனாதிபதியானார். அதே ஆண்டு செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஜனாதிபதியே அரசின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், முப்படைகளின் தளபதி. அமைச்சர்களையும் உயர் நீதிபதிகளையும் நியமிப்பவர் அவர். பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, நாட்டின் மற்றச் சட்டங்களை மீறும் ஒழுங்குவிதிகளை ஆக்கக்கூடியவரும் அவரே. பதவியில் இருக்கும்வரை அவருக்கு எதிராக எந்த நீதிமன்றத்திலும் வழக்கிட முடியாது என்று 35ஆம் உறுப்புரை சொன்னது.

எல்லைகளும் எழுதப்பட்டிருந்தன. பதவிக்காலம் ஆறு ஆண்டு, இரண்டு தடவைதான். பணம் பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டில். அவசரகால நிலையைப் பாராளுமன்றம் அங்கீகரிக்க வேண்டும். மாதா மாதம் நீட்டிக்க வேண்டும். பதவி நீக்கத்துக்கும் வழி உண்டு. ஆனால் அதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, பிறகு உயர் நீதிமன்ற விசாரணை, அதன்பின் மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு என்று மூன்று படிகளைத் தாண்ட வேண்டும். (இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்; மேல் நீதிமன்றம் அதற்குக் கீழே உள்ளது.)

தாளில் இருந்த இந்த எல்லைகள் முதல் நான்கைந்து ஆண்டுகளிலேயே உள்ளீடற்றுப் போயின. 1982இல் ஜெயவர்தன தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். தன்னைக் கட்டுப்படுத்த வேண்டிய சபையின் பெரும்பான்மையை அவர் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார் என்றே சொல்ல வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றின் மூலம், பொதுத் தேர்தலே நடத்தாமல் அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுள் மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டப்பட்டது.

இந்தப் பதவி முதலில் வீழ்த்திய பெரிய எதிராளி ஒரு பெண். 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க, தன் ஆட்சிக்காலத்து அதிகாரத் துஷ்பிரயோகங்களுக்காக விசேட ஜனாதிபதி ஆணைக்குழுவால் விசாரிக்கப்பட்டு, 1980 அக்டோபரில் ஏழு ஆண்டுகளுக்குக் குடியியல் உரிமை பறிக்கப்பட்டார். 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவரால் நிற்க முடியவில்லை. 1986 ஜனவரியில் அந்த உரிமையைத் திருப்பித் தந்தவரும் ஜெயவர்தனவே, ஜனாதிபதியின் மன்னிப்பாக. சிறிமாவோவைக் களங்கமற்றவராக வரைய வேண்டியதில்லை. சிறுபான்மையினருக்கு இருந்த அரசியலமைப்புப் பாதுகாப்பை நீக்கிய 1972 அரசியலமைப்பு அவருடைய ஆட்சியில் வந்ததுதான். கவனிக்க வேண்டியது நடைமுறையை. தண்டிக்கும் ஆணைக்குழுவை அமைப்பவரும் ஜனாதிபதி, மன்னிப்பவரும் ஜனாதிபதி. உரிமையாக இருந்தது, பறிக்கப்பட்டுத் திரும்பி வந்தபோது தயவாக மாறியிருந்தது.

1983 மார்ச் 8, சர்வதேச மகளிர் தினம். கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்கு மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போன பெண்களைப் பொலிசார் தடுத்தார்கள். அந்தக் குழப்பத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் மூத்த தலைவர் விவியன் குணவர்தன கைது செய்யப்பட்டார். அறுபது வயதைக் கடந்திருந்த அவர் அடிப்படை உரிமை மீறல் மனுவோடு உயர் நீதிமன்றம் போனார். அந்தக் கைது சட்டவிரோதமானது என்று தீர்ப்பு வந்தது. அரசு 2,500 ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

அதன்பின் நடந்ததுதான் இந்தப் பதவியின் உண்மையான விளக்கவுரை. சம்பந்தப்பட்ட பொலிஸ் அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சில நாட்களில் தீர்ப்பளித்த நீதிபதிகளின் வீடுகளுக்கு முன் கும்பல் போய் நின்று ஆபாசமாகக் கத்தியது. சர்வதேச நீதியாளர் ஆணையத்துக்காக அறிக்கை எழுத வந்த பால் சீகார்ட்டிடம், அந்தப் பதவி உயர்வுக்குத் தானே உத்தரவிட்டதாக ஜெயவர்தன ஒப்புக்கொண்டார். ஒரு பெண் சட்டப்படி எல்லையைத் தட்டினாள். நீதிமன்றம் ஆம், இங்கே எல்லை இருக்கிறது என்றது. ஜனாதிபதி அதைத் தாண்டியவருக்கு வெகுமதி கொடுத்தார். அரசியலமைப்பின் எந்த வரியும் மாறவில்லை. ஆனால் அதன் பொருள் நாடு முழுவதற்கும் விளங்கிவிட்டது.

அதே 1983இல், மரண விசாரணை இல்லாமலே உடல்களைப் புதைக்கவோ எரிக்கவோ பாதுகாப்புப் படைகளுக்கு இடமளிக்கும் அவசரகால ஒழுங்குவிதி வந்தது. இது ஆண்டுக்கொரு தடவை சட்டத்தரணிகள் விவாதிக்கும் நுணுக்கம் அல்ல. உடல் இல்லாத வீட்டில் பெண் என்னவாகிறாள் என்பதைத் தீர்மானித்த விதி. கணவன் இறந்தானா என்று தெரியாதவள் விதவையும் அல்ல, சுமங்கலியும் அல்ல. மரணச் சான்றிதழ் இல்லாமல் காணி மாறாது, வங்கிக் கணக்குத் திறக்காது. பாராளுமன்றம் மாதா மாதம் கை உயர்த்தி அவசரகாலத்தை நீட்டியது. சில இடைவெளிகளைத் தவிர 2011 வரை அது தொடர்ந்தது.

1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானது. கைது செய்யப்பட்ட இளைஞர்களை விடுவிக்கச் சொல்லித் தாய்மார் கச்சேரிக்கு ஊர்வலமாகப் போனார்கள். 1990இல், ஜே.வி.பி. கிளர்ச்சியை ஒடுக்கியபோது பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மார் மாத்தறையில் தங்கள் அன்னையர் முன்னணியைத் தொடங்கினார்கள். 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் பிறந்த நாளன்று கொழும்பு முகத்துவாரம் காளி கோவிலில் தேங்காய் உடைத்து, தலைவிரி கோலமாய் மண் வாரித் தூற்றிச் சாபமிட்டார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. 35ஆம் உறுப்புரையோடு சேர்த்து வாசித்தால் வேறு விளங்கும். பூமியில் எந்த நீதிமன்றமும் ஏற்க முடியாத மனுவை அவர்கள் ஏற்கக்கூடிய ஒரே இடத்தில் தாக்கல் செய்தார்கள்.

ஒரு பெண் இந்தப் பதவிக்கு வந்தால் மாறுமா? அந்தக் கேள்விக்கும் இலங்கையில் பதில் உண்டு. 1994 நவம்பரில் சந்திரிகா குமாரதுங்க 62 சதவீத வாக்குகளோடு ஜனாதிபதியானார். இந்தப் பதவியை ஒழிப்பேன் என்பது அவருடைய வாக்குறுதி. தெற்கின் தாய்மார் அவரை நம்பி வாக்களித்தார்கள். காணாமற்போனோர் பற்றி விசாரிக்க அவர் ஆணைக்குழுக்களை அமைத்தது உண்மை. அவர் காலத்திலேயே, 1996இல், செம்மணிச் சோதனைச்சாவடியில் பள்ளி மாணவி கிருஷாந்தியும் அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள் என்பதும் உண்மை. பதவி ஒழியவில்லை. 2000இல் கொண்டுவந்த அரசியலமைப்பு வரைவு நிறைவேறவில்லை. 2003இல் பிரதமரின் ஆட்சியிலிருந்து மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுக்கவும், அடுத்த ஆண்டு பாராளுமன்றத்தைக் கலைக்கவும் அவர் அதே பதவியின் அதிகாரத்தைத்தான் பயன்படுத்தினார். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் நாற்காலி தன் வடிவத்துக்கு அவரை வளைத்துக்கொள்கிறது.

பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவின் கதை இதன் மறுபக்கம். 2010இல் ஜனாதிபதிக்கு இருந்த இரண்டு தவணை வரம்பை நீக்கிய 18ஆம் திருத்தத்துக்குத் தடையில்லை என்ற நீதிபதிகள் குழாமுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 2011இல் நாட்டின் முதல் பெண் பிரதம நீதியரசரானார். அடுத்த ஆண்டு திவிநெகும சட்டமூலத்தில் அரசாங்கத்துக்குப் பாதகமான தீர்மானம் கொடுத்தார். 2012 நவம்பரில் குற்றப் பிரேரணை வந்தது. பாராளுமன்றத் தெரிவுக்குழுவில் அரசாங்கத் தரப்பினர் தன்னை இழிவாக நடத்தியதாகக் கூறி அவர் வெளியேறினார். அந்தக் குழுவின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது. பாராளுமன்றம் பொருட்படுத்தாமல் வாக்களித்தது. 2013 ஜனவரி 13 அன்று மகிந்த ராஜபக்ச கையெழுத்திட்டார். ஜனாதிபதியை நீக்க மூன்று படிகளும் இரண்டு தடவை மூன்றில் இரண்டு பங்கும் தேவை. பிரதம நீதியரசரை நீக்கச் சாதாரணப் பெரும்பான்மையும் சுமார் பத்து வாரமும் போதுமாக இருந்தன. அதிகாரத்துக்கு அவர் திறந்துவிட்ட வழியிலேயே அது அவரிடம் வந்து சேர்ந்தது.

இந்த வரலாற்றில் அதிகம் கண்டுகொள்ளப்படாத அதிகாரம் மன்னிப்பு. அரசர்களிடமிருந்து வந்த இந்த அதிகாரத்தை 34ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்குத் தருகிறது. கருணை என்ற பெயர் இருப்பதால் இதை யாரும் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை. ஆனால் மரண தண்டனைக் கைதிக்கு மன்னிப்பு வழங்க அந்த உறுப்புரையிலேயே ஒரு வழிமுறை எழுதப்பட்டுள்ளது. விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை கேட்க வேண்டும். அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குப் போக வேண்டும். பிறகு நீதி அமைச்சரின் பரிந்துரையோடு ஜனாதிபதியிடம் வர வேண்டும். இந்த எல்லையைப் பல காலம் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் வந்த மூன்று மன்னிப்புகள் அந்த நிலையை மாற்றின.

முதலாவது, 2019 நவம்பர். பதவிக்காலத்தின் கடைசி நாட்களில் மைத்திரிபால சிறிசேன, 2005இல் ராஜகிரிய ரோயல் பார்க் குடியிருப்பில் ஓர் இளம்பெண்ணைக் கொன்ற குற்றவாளியை மன்னித்தார். வசதியான குடும்பத்து இளைஞன். உயர் நீதிமன்றம் வரை போய் மரண தண்டனை உறுதியான வழக்கு. விடுதலையானவன் நாட்டைவிட்டுப் போனான்.

இரண்டாவது, 2020 மார்ச் 26. கொரோனா ஊரடங்கில் நாடு வீட்டுக்குள் அடைந்திருந்தபோது கோட்டாபய ராஜபக்ச இராணுவத்தைச் சேர்ந்த சுனில் ரத்நாயக்கவை மன்னித்தார். 2000 டிசம்பரில் மிருசுவிலில், இடம்பெயர்ந்திருந்து தங்கள் வீடுகளைப் பார்க்கப் போன எட்டுத் தமிழர்களை, ஐந்து வயதுக் குழந்தை உட்பட, கொன்ற வழக்கு அது. தப்பி வந்த ஒருவரின் சாட்சியத்தில் நின்ற வழக்கு. 2015இல் மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. தமிழர்களைக் கொன்ற படையினர் தண்டிக்கப்பட்ட மிகச் சில வழக்குகளில் ஒன்று. அதற்கு எடுத்த பதினெட்டு ஆண்டுகளை ஒரு கையெழுத்து அழித்தது.

மூன்றாவது, 2021 ஜூன். 2011 உள்ளூராட்சித் தேர்தல் நாளில் பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற அரசியல்வாதி துமிந்த சில்வாவைக் கோட்டாபய மன்னித்தார்.

இந்த மூன்றோடு வராத ஒரு மன்னிப்பையும் சேர்த்து எண்ண வேண்டும். 2018 மார்ச்சில் கிளிநொச்சியில், ஆயுள் தண்டனை அனுபவிக்கும் தமிழ் அரசியல் கைதி ஒருவர் தன் மனைவியின் இறுதிச்சடங்குக்குச் சில மணி நேரம் அழைத்துவரப்பட்டார். திரும்பிப் போகும்போது அவருடைய சிறு மகள் தகப்பனோடு சிறைச்சாலை வண்டியில் ஏறினாள். அந்தப் படத்தைத் தமிழர்கள் மறக்கவில்லை. பிள்ளைகள் சிறிசேனவைச் சந்தித்துக் கேட்டார்கள். அவருடைய பதவிக்காலம் முடியும்வரை அந்தத் தந்தைக்கு மன்னிப்பு வரவில்லை. அதே பேனா ரோயல் பார்க் கோப்பில் கையெழுத்திட்டது. மன்னிப்பு அதிகாரமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அது கடைசி வாசல். அந்த வாசல் யாருக்குத் திறக்கிறது என்பதைக் காரணம் சொல்லாமல் ஒருவர் தீர்மானிப்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனதில் பெண்கள் முன்னால் நின்றார்கள். ரோயல் பார்க் மன்னிப்பை எதிர்த்து மனுத் தாக்கல் செய்தது பெண்கள் மற்றும் ஊடகக் கூட்டமைப்பு. துமிந்த சில்வாவின் மன்னிப்பை எதிர்த்தவர்களில் கொல்லப்பட்டவரின் மனைவி சுமனா பிரேமச்சந்திரவும் மகள் ஹிருணிகாவும் இருந்தார்கள். இந்த மனுக்களுக்கு வழி செய்தது 2015இன் 19ஆம் திருத்தம். ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயலுக்கு எதிராக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி, அடிப்படை உரிமை மீறல் மனு கொண்டுவரலாம் என்று அது 35ஆம் உறுப்புரையில் ஒரு கதவைத் திறந்தது. அந்தத் திருத்தத்தை முன்னின்று கொண்டுவந்தவர் சிறிசேன. 2018இல் பாராளுமன்றத்தைக் கலைத்த அவருடைய வர்த்தமானி உயர் நீதிமன்றத்தில் இரத்தானதும் அந்தத் திருத்தம் வைத்த எல்லையில் மோதித்தான்.

2024 ஜனவரியில் துமிந்த சில்வாவின் மன்னிப்பும், அதே ஆண்டு ஜூனில் ரோயல் பார்க் மன்னிப்பும் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டாவது வழக்கில் சிறிசேன இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. தீர்ப்புகளின் சாரம் எளிமையானது. மன்னிப்பு அரசரின் தயவு அல்ல. மக்களின் சார்பில் கையில் வைத்திருக்கும் அதிகாரம். எழுதியிருக்கும் வழிமுறையைப் பின்பற்ற வேண்டும்; காரணம் இருக்க வேண்டும்; சட்டத்தின் முன் சமத்துவம் கொல்லப்பட்டவர் பக்கத்துக்கும் உண்டு. விவியன் குணவர்தனவுக்கு 1983இல் கிடைத்த தீர்ப்பை ஜனாதிபதி அவமதிக்க முடிந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே நீதிமன்றம் ஜனாதிபதியின் கையெழுத்தையே இரத்துச் செய்தது. இடைப்பட்ட தூரத்தைக் கடக்க வைத்தவர்கள் விடாமல் மனுப் போட்டவர்கள்.

ஆனால் வெற்றிக் கதையாக இதை முடிக்க முடியாது. இரத்தான இரண்டு மன்னிப்புகளும் கொழும்பின் வழக்குகள். மிருசுவில் மன்னிப்பை எதிர்த்தும் மனுக்கள் போடப்பட்டன. மற்ற இரண்டுக்கும் தீர்ப்பு வந்த 2024இல் இதற்கு வரவில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள், பெரும்பாலும் தாய்மார், தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்த ஜூனில் யாழ்ப்பாணத்தில் சிறிசேனவைச் சந்தித்து, போரின் முடிவில் படையினரிடம் சரணடைந்தவர்களின் பட்டியலைக் கேட்டார்கள். வெளியிடச் சொல்கிறேன் என்று அவர் வாக்களித்தார். பட்டியல் வரவில்லை. 2020 ஜனவரியில் கோட்டாபய, காணாமற்போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். எப்படி, எங்கே, யார் கையில் என்று சொல்லவில்லை.

முப்படைகளின் தளபதியிடம் அந்தத் தாய்மார் கேட்டது ஒரு பெயர்ப்பட்டியல். அதற்குப் புதிய சட்டமோ திருத்தமோ சர்வசன வாக்கெடுப்போ தேவையில்லை. ஒரு கட்டளை போதும். படையினனை ஒரே நாளில் மன்னிக்க முடிந்த பதவிக்கு, அதே படையிடமிருந்து ஒரு கோப்பை வாங்கித் தர முடியவில்லை. ஜெயவர்தனவின் பகிடியில் இல்லாத அசாத்தியம் இது. அது இயற்கை போட்ட எல்லை அல்ல. அரசியலமைப்பு போட்டதும் அல்ல.

இந்தப் பதவியை ஒழிப்பதாகச் சந்திரிகா 1994இலும், மகிந்த 2005இலும், சிறிசேன 2015இலும், அநுர குமார திசாநாயக்க 2024இலும் வாக்களித்தார்கள். அடுத்த வரைவு ஒன்று மேசைக்கு வரும்போது அதைச் சட்ட நிபுணர்கள் உறுப்புரை உறுப்புரையாக வாசிப்பார்கள். நாமும் வாசிக்க வேண்டும், மூன்று கேள்விகளோடு. மறுக்கப்படும்போது காரணம் கேட்க யாருக்கு உரிமை உண்டு? மன்னிக்கும் முன் கொல்லப்பட்டவரின் வீட்டில் கேட்பார்களா? பட்டியல் கேட்டு வரும் தாய்க்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை யார் பெயரில் எழுதியிருக்கிறது? இவற்றுக்கு அதில் விடை இல்லையென்றால், பதவியின் பெயர் ஜனாதிபதி என்பதிலிருந்து பிரதமர் என்று மாறுவதால் கிளிநொச்சிப் பந்தலில் எதுவும் மாறப்போவதில்லை.